காற்றாடி வைத்த ஏரோப்ளேன்

வேலூரைப் பற்றி ஊராரே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். இன்னும் ஒன்றிரண்டு உருப்படிகள் அதில் இருந்தன. வீட்டில் எனக்கு வேளைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்து அமர்ந்ததும் பட்டியலில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்துக்கு நான் வெகுநாளாக ஒன்றைச் சிபாரிசு செய்துவருகிறேன்: விமானமில்லா விமான நிலையம்.

பெங்களூர் சாலையில் அப்துல்லாபுரத்தைத் தாண்டும்போதெல்லாம் பேருந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பழக்கம் இந்த வயதிலும் என்னை விடவில்லை. ஐம்பது ஏக்கர் சொச்சம் இடம். நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்தில் அங்கே மாடுகள் மேய்ந்தன. வேலைக்குப் போன காலத்தில் அந்த மாடுகளின் பேரப்பிள்ளைகள் மேய்ந்தன. பிறகு உடான் திட்டம் வந்தது, சின்ன ஊர்களையெல்லாம் சின்ன விமானங்களால் இணைக்கப் போகிறோம் என்றார்கள், ஓடுபாதையைப் புதிதாகப் போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள், மாடுகளை வெளியேற்றினார்கள். பயணிகள் விமானம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. முன்பு மாடாவது இருந்தது.

ஆனால் எங்கள் தலைக்கு மேல் ஆகாயம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய வேலூர், குடியாத்தம் தலைமேலேயே போகும். அறுபதுகளில் வேலப்பாடியில் எங்கள் ஓட்டு வீட்டுக்கு எதிரே இருந்த மாடியில் நாங்கள் நாலைந்து பையன்கள் ஏறி நின்றுகொண்டு கிழக்கே காது கொடுப்போம். முதலில் வருவது சத்தம்தான், உருவம் இல்லை. எங்கோ ஒரு மாவு மில் ஓடுகிற மாதிரி தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, மலைகளில் மோதித் திரும்பி வந்து, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம்மையே சந்தேகப்பட வைத்து, அப்புறம் ஒரு வழியாக வெயிலில் ஒரு மினுக்கல் தெரியும். டகோட்டா. அதற்கு அவசரமே கிடையாது. நான் ஓடிப்போய்ப் பாட்டியைக் கூப்பிட்டு, அவள் சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எங்கடா?" என்று கேட்டு, நான் விரலைக் காட்டி, அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தேடி, "ஆமாண்டா, அதோ போவுது பாரு" என்று சொல்லி முடிக்கும்வரைக்கும் அது ஆகாயத்தில் காத்திருந்தது. இன்று எங்கள் தெருவுக்கு மேல் ஜெட் போகிறது. பாட்டியைக் கூப்பிடத் திரும்பினால் அது ஆந்திராவில் இருக்கிறது.

அந்த டகோட்டாக்களுக்கு ஒரு பழைய வாழ்க்கை இருந்தது. 1935 டிசம்பரில் அமெரிக்காவில் முதலில் பறந்த டிசி-3 என்ற பயணிகள் விமானம் இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாள உடை போட்டுக்கொண்டு பத்தாயிரம் பத்தாயிரமாகப் பெருகி, யுத்தம் முடிந்ததும் உபரிச் சாமானாக உலகம் முழுக்க மலிவு விலைக்கு வந்தது. நம் நாட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கிக் கம்பெனி தொடங்கினார்கள். 1953இல் அரசாங்கம் அப்படிப்பட்ட எட்டுக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியது. அதன்பின் 1957இல் வைக்கவுண்ட், 1961இல் ஃபோக்கர், அப்புறம் கான்பூரில் நம்மவர்களே கட்டிய ஆவ்ரோ. இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். 1964இல் காரவெல் என்ற ஜெட் வந்துவிட்டது, அதற்குக் காற்றாடியே கிடையாது, காரணம் அது நாகரிகமானது: இவ்வளவுதான் தெரியும். பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டிக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தேன். வாழ்க்கையில் ஏறினால் ஜெட்டில்தான் ஏறுவது, காற்றாடி சுற்றுகிற ஏரோப்ளேனில் ஏறுவதும் கட்டைவண்டியில் ஏறுவதும் ஒன்று என்று, பஸ்ஸுக்கே காசில்லாத அந்தப் பையன் தீர்மானம் செய்து வைத்திருந்தான். அவனை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவனுடைய தன்னம்பிக்கையில் கால்பங்கு இப்போது இருந்தால்கூடத் தேவலை.

எழுபதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் சேர்ந்தேன். தொழிலே தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்த சமயம் அது. தலைமுறை தலைமுறையாக ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் குழியில் ஊறவைத்துப் பதப்படுத்திய, வெளிர்பழுப்பு நிறத்து ஈ.ஐ. தோலைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் ஏற்றிவிட்டால் எங்கள் பகுதிக்கு வேலை முடிந்தது. லண்டன்காரன் அதை வாங்கி, மெருகு போட்டு, நான்கு மடங்கு விலைக்கு விற்றுக்கொள்வான். எழுபதுகளில் அரசாங்கம் அரைகுறைத் தோலை அப்படி அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. மெருகையும் இங்கேயே போடு, செருப்பையும் ஷூவையும் இங்கேயே தை என்றது. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் குழிகள் மூடப்பட்டு, க்ரோம் டிரம்கள் உருளத் தொடங்கின. நீல நிறத்தில் ஈரமாக வெளியே வருகிற வெட் ப்ளூவைப் பார்த்து நாங்கள் இளைஞர்கள் பூரித்துப் போனோம். பட்டைத் தோல் கிழவர்களின் சமாச்சாரம், க்ரோம்தான் ஜெட் என்று நான் காண்டீனில் பேசியதை நினைவில் வைத்திருக்கும் ஆசாமி ஒருவர் இன்னும் மேல்விஷாரத்தில் இருக்கிறார். வாரம் ஒருமுறை போன் செய்து ஞாபகப்படுத்துவார். அவர் இந்தக் கதையில் பின்னால் வருவார்.

எங்கள் முதலாளியின் தகப்பனாரைப் பெரிய முதலாளி என்போம். அவர் சுதந்திரம் வந்த புதிதில் ஏர் இந்தியாவின் கான்ஸ்டலேஷனில் லண்டன் போய் வந்தவர். மலபார் பிரின்சஸ் என்று பெயர் வைத்த அந்த விமானம் 1948 ஜூன் 8ஆம் தேதி முதல் தடவையாக பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் போனது; அதற்குப் பின் வந்த ஏதோ ஒரு பயணத்தில் தோல் மாதிரிகளை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் போயிருக்கிறார். நாலு எஞ்சின், மூன்று வால், ராத்திரியில் எஞ்சின் குழாயிலிருந்து நீல நெருப்பு, கெய்ரோவில் இறங்கிக் குடித்த சாயா என்று அவர் சொல்லும்போது லண்டன் வியாபாரம் எவ்வளவுக்கு முடிந்தது என்பதே மறந்து போகும். போய்ச் சேர்ந்த ஊரைப் பற்றி ஒருநாளும் அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

என் முறை எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, திண்டுக்கல்ல ஆட்டுத்தோல் லாட் ஒண்ணு வந்திருக்கு. ரயில்ல போனா அதுக்குள்ள வேற ஆளு தூக்கிடுவான். மெட்ராஸ்லருந்து மதுரைக்கு ப்ளேன்ல போயி, செலக்ஷன் பாத்துட்டு வந்துடு."

"ஜெட்டுங்களா முதலாளி?"

"ஆவ்ரோ. ஏன், துரைக்கு ஜெட்தான் வேணுமோ?"

மீனம்பாக்கத்தில் அன்று எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் கம்பி வேலியோரம் நின்று கையசைக்க, நாமே வெயிலில் நடந்து போய், நாமே படியேறி உட்கார வேண்டும். ஆவ்ரோவில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சினுக்கு ஒரு கூச்சல் உண்டு. தரையில் நிற்கும்போது காதைத் துளைத்துப் பல்லைக் கூசவைக்கும், கேட்டவர்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. பறப்பதற்கு முன்னால் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்தார்கள். மிட்டாய் வாய்க்கு, பஞ்சு காதுக்கு. பக்கத்தில் இருந்த செட்டியார் இரண்டையும் எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார், பேரனுக்காம்.

அப்புறம் நடந்ததைத்தான் எனக்கு இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செங்கல்பட்டு ஏரிகள், மதுராந்தகம் ஏரிக்கரை, நெல்வயலின் பச்சையில் இத்தனை வகையா என்ற திகைப்பு, ஒரு ஊரின் கோயில் குளத்தில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது, மேகத்தின் நிழல் ஒரு கிராமத்தைத் தாண்டி அடுத்த கிராமத்துக்கு நடந்து போனது, பொட்டல்வெளியில் புகைவிட்டபடி ஒரு ரயில், அதை நாங்கள் முந்தியது. திருச்சியில் இறங்க வட்டமடித்தபோது கொள்ளிடமும் காவிரியும் ஒரே ஜன்னலுக்குள் வந்தன. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அப்போது பாதி கட்டலில் சாரத்தோடு நின்றது. விமானம் மேகத்துக்குக் கீழேயே குலுங்கிக் குலுங்கிப் போனதால் செட்டியார் முருகனையும் நான் என் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதும் உண்மை. ஆனால் மெட்ராஸுக்கும் மதுரைக்கும் நடுவே ஒரு தமிழ்நாடு இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மேலேயிருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திண்டுக்கல் லாட்டை வேறு ஆள் தூக்கிவிட்டிருந்தான், அது தனிக்கதை.

பின்னாளில் ஃபிராங்ஃபர்ட், மிலான் என்று ஜெட் பயணங்கள் வரிசையாக வந்தன. கணக்கு நோட்டில் ஒட்டிய கனவு நிறைவேறியது என்றுதான் சொல்ல வேண்டும். ஏறியதும் ஜன்னலை மூடச் சொல்வார்கள். திறந்தாலும் வெள்ளை மெத்தை. கீழே பாக்தாத் போகிறதா பாரசீக வளைகுடா போகிறதா என்பதை எதிர் இருக்கையின் முதுகில் ஒரு சின்னப் பொம்மை விமானம் காட்டும். குலுங்கல் இல்லை, கூச்சல் இல்லை, பஞ்சு வேண்டாம், முருகனும் வேண்டாம். குறை சொல்ல ஒன்றுமில்லாத சௌகரியம். இறங்கியபின் யாராவது பயணம் எப்படி என்று கேட்டால் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஊரிலேயே ஏசி போட்ட ஒரே அறை அதற்கு. ஏற்றுமதிப் பத்திரங்கள் அடிப்பதற்கு என்று வாங்கியது. தூசி ஆகாது என்பதால் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மாதம் ஆயிரக்கணக்கில் ஷூ தைத்து அனுப்புகிற கம்பெனியின் ஆகப் புனிதமான அறைக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நடந்ததில் இருந்த வேடிக்கை அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை இயக்கிய பையன் ஒரு ஃப்ளாப்பியில் ஃப்ளைட் சிமுலேட்டர் கொண்டு வந்திருந்தான். சாயங்காலம் சைரன் ஊதியதும் நானும் அவனும் வெறுங்காலோடு அமெரிக்கா போவோம். சிக்காகோ நகரத்து ஏரிக்கரையில் மீக்ஸ் ஃபீல்டு என்ற சின்ன விமானத் திடலில்தான் அந்த ஆட்டம் எப்போதும் தொடங்கும். பச்சையாக ஒரு தளம் தரை, நீலமாக ஒரு தளம் தண்ணீர், பெட்டி பெட்டியாய்க் கட்டடங்கள். ஆம்பூர் பஸ் நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதைவிட அந்தத் திடல் எனக்குப் பாடம். 2003 மார்ச்சில் சிக்காகோ மேயர் ராவோடு ராவாக புல்டோசரை அனுப்பி அந்த ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டார் என்று செய்தியில் படித்தபோது, பார்த்தேயிராத ஊருக்காக எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர்களுக்குத் திடல் போயிற்று, விமானங்கள் இருந்தன. எங்கள் அப்துல்லாபுரத்துக் கதை அப்படியே மறுபக்கம்.

அதே 2003இல் ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதைக் கொண்டாட மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பதிப்பில் பழைய விமானங்களாகச் சேர்த்திருந்தார்கள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகன் சென்னையில் பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்த சிடிக்களில் அது இருந்தது. (உரிமம் பற்றி இங்கே பேச்சில்லை, பின்னாளில் கடனைத் தீர்த்துவிட்டேன்.) பட்டியலைத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன். வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கி, பாட்டிக்காகக் காத்திருந்த அதே டகோட்டா.

"இது எதுக்குப்பா? போயிங் 747 இருக்கு பாரு," என்றான் மகன். நாற்பது வருஷம் முன்னால் ஒரு பையன் பேசிய அதே குரல்.

டகோட்டாவைக் கிளப்புவது என்பது ஒரு சடங்கு. ஜெட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இங்கே அப்படியில்லை. பெட்ரோல் பம்பை அடித்து, ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டு, அது முனகி முனகி மேலே ஏறும்வரை காத்திருந்து, காற்றாடி ஒவ்வொரு இலையாகச் சோம்பல் முறித்துத் திரும்புவதை எண்ணி, சரியான நேரத்தில் மின்பொறியைக் கொடுக்க வேண்டும். பதினாலு சிலிண்டரில் ஒன்று இருமும். இன்னொன்று பதில் சொல்லும். வெள்ளைப் புகை ஒரு மேகம் வரும். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரி. இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் வூம்ம்… வூம்ம்… என்று ஓர் அலை எழும். நெம்புகோலை இழையளவு நகர்த்தி நகர்த்தி அந்த அலையை நீட்டி, நீட்டி, ஒரேயடியாக மறைய வைக்க வேண்டும். வேலப்பாடி மாடியில் கேட்ட மாவு மில் ஏன் பருத்தும் இளைத்தும் வந்தது என்று எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் விளங்கியது. இப்போது வருகிற மாடல்களில் சிலவற்றில், கவனிக்காமல் விட்டால் ப்ளக்கில் கரி பிடிக்கும், எண்ணெய் சூடேறும், எஞ்சின் படுத்துவிடும். அந்தக் காலத்து விமானிகள் இவற்றிலிருந்து என்றைக்கு விடுதலை கிடைக்கும் என்று தவம் கிடந்தார்கள். நான் காசு கொடுத்து, கணினியின் கார்டை மாற்றி, வேலை மெனக்கெட்டு அந்தத் தொல்லைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறேன்.

இதில் எனக்கு வெட்கமில்லை. காரணம், பகலில் என் சம்பளமும் அதே காரியத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஐரோப்பியக்காரன் ஒரு காலத்தில் மாசு மருவில்லாத, கண்ணாடி போல் பளபளக்கும் தோல் கேட்டான். இரண்டு தலைமுறை உழைத்து அந்தப் பளபளப்பைக் கற்றுக்கொண்டோம். கற்று முடித்ததும் அவன் ஆன்டிக் ஃபினிஷ் கேட்டான். புத்தம்புதிய ஷூ, ஆனால் தாத்தா போட்டு நடந்தது மாதிரி இருக்க வேண்டும். மூக்கில் கருப்புத் தேய்த்து, ஓரத்தில் நிறம் மங்க வைத்து, விரலால் அமுக்கினால் வெளிறும் புல்-அப் தோலில் சுருக்கம் விழவைத்து, இருபது வருஷ வாழ்க்கையை அரைமணியில் ஸ்ப்ரே துப்பாக்கியால் அடித்துக் கொடுத்தோம். அதற்கடுத்து வந்தது இன்னும் சுவாரசியம்: க்ரோம் வேண்டாம், பட்டையில் பதப்படுத்திய தோல் கிடைக்குமா, விலை கூடினாலும் பரவாயில்லை என்று கேட்டார்கள். மூடிய குழிகளின் மேல் கட்டிய டிரம் ஷெட்டில் நின்றுகொண்டு நாங்கள் அந்தக் கடிதத்தைப் படித்தோம். கிழவர்களின் சமாச்சாரமான ஈ.ஐ. தோலுக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. மேல்விஷாரத்து நண்பர் அன்றைக்குப் போன் செய்தார். என்ன சொல்லியிருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

கணினியில்தான் காற்றாடி, நிஜத்தில் போய்விட்டது என்று பெருமூச்சு விட எங்கள் ஜில்லாவுக்கு உரிமையும் கிடையாது. 1992இல் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளம் திறந்தது. 2017 மார்ச் வரைக்கும் ரஷ்யாவின் துப்போலெவ் டு-142 விமானங்கள் அங்கே குடியிருந்தன. நாலு எஞ்சின், எஞ்சினுக்கு இரண்டு காற்றாடி, ஒன்று இடமாகவும் ஒன்று வலமாகவும் சுற்றும். குருஷ்சேவ் 1959இல் அமெரிக்காவுக்கு ஏறிப்போன டு-114 பயணிகள் விமானத்தின் நெருங்கிய தாயாதி. சோளிங்கர் மலைப் படியில் பாதிவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை அது தூரத்தில் எழும்பியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் படிக்கல்லுக்கு வந்தது போலிருந்தது. குரங்குகள் கையில் இருந்த தேங்காய்மூடியை நிறுத்திவைத்துவிட்டு மேலே பார்த்தன. நான் எழுந்தே நின்றுவிட்டேன். "சாமிக்குக்கூட இப்படி எழுந்து நின்னு நான் பாத்ததில்ல," என்றாள் மனைவி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது சில நாள் பயணிகள் விமானங்கள் அந்த ராஜாளியிலிருந்துதான் போய் வந்தன. எங்கள் பழைய ஜில்லாவுக்கும் விமான நிலையம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள அதுவாவது கிடைத்தது.

டகோட்டாகூட முற்றாகப் போய்விடவில்லை. 2018இல் இங்கிலாந்தில் செப்பனிட்ட ஒன்று பரசுராம் என்ற பெயரோடு தானே பறந்து இந்தியாவுக்கு வந்து விமானப்படையில் சேர்ந்தது. அந்த வருஷம் ஹிண்டனில் நடந்த விமானப்படை நாள் அணிவகுப்பை டிவியில் பார்த்தேன். மிராஜும் சுகோயும் வருவதற்கு முன் அது வந்தது. வர்ணனையாளர் இரண்டு வாக்கியம் பேசி முடித்தும் திரையில் இருந்தது.

புதிய காற்றாடிகளும் வந்துவிட்டன. சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற ஏடிஆரில் ஏறும் இளைஞர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். "இன்னாபா, ஃபேன் வெச்ச ப்ளேனு!" என்று எனக்கு முன்னால் படியேறிய பையன் செல்போனில் யாருக்கோ குறைபட்டுக்கொண்டான். யாழ்ப்பாணத்துக்குப் போனபோதும் ஏடிஆர்தான். 1947 டிசம்பர் 10ஆம் தேதி ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்கு டகோட்டாவில் நடத்தியது. பிறகு யுத்தம், மூடிய பலாலி, நீண்ட இடைவெளி. 2019 நவம்பர் 11ஆம் தேதி சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி பயணிகள் சேவை தொடங்கியபோது வந்து இறங்கியதும் காற்றாடி விமானமே. எழுபத்திரண்டு வருஷம் கழித்து வந்த அதன் பெயரும் ஏடிஆர் 72. உயரம் குறைவாகப் பறந்ததால் கோடியக்கரையின் சதுப்பும், கடலின் நிறம் மாறும் இடமும், பனைமரக் கூட்டமும் தெரிந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். "நீங்கள் பாருங்கோ தம்பி, எனக்குத் தெரிஞ்ச இடந்தானே," என்றவர், கரை தெரிந்ததும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மிட்டாயும் இல்லை, பஞ்சும் இல்லை.

இப்போது என் மேசையில் இருப்பது 2020இல் வந்த சிமுலேட்டர். செயற்கைக்கோள் எடுத்த படத்தையே தரையாக விரித்துவிட்டார்கள். 2022இல் டகோட்டாவையும் சேர்த்தார்கள். மீனம்பாக்கத்தில் எழும்பி, காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால், ஆற்காடு, வேலூர்க் கோட்டை அகழி, இடப்பக்கம் ஜவ்வாது மலை, பள்ளிகொண்டா, ஆம்பூர், நான் முப்பது வருஷம் நின்ற ஷெட்டின் தகரக் கூரை, எதிரே ஏலகிரி. கூரையில் நாங்கள் ஒட்டுப் போட்ட இடம்கூடத் தெரிகிறது என்று மகனிடம் சொன்னேன், நம்பவில்லை. ஆறு மட்டும் அதில் எப்போதும் வெள்ளை மணல். 2021 நவம்பரில் நிஜப் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலங்களில் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து நின்று பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. நானும் பார்த்துவிட்டு வந்து ராத்திரி டகோட்டாவைக் கிளப்பினேன். கணினிக்குள் மணல் அப்படியே கிடந்தது. நீரில்லா ஆறு என்று பட்டியல் போட்டவன் தோற்ற ஒரே வாரத்தில் அமெரிக்காக்காரன் அவனைக் காப்பாற்றிவிட்டான்.

அப்துல்லாபுரத்திலும் இறங்குவேன். அந்த ஓடுபாதைக்கு டகோட்டா கொஞ்சம் பெரிசு. வாலை முன்கூட்டியே கீழே விட்டு, பிரேக்கைப் பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டும். மாடுகளை அவர்கள் சேர்க்கவில்லை.

சமீபகாலமாக எங்களுக்கு வேறொரு கிறுக்கு. 1949 ஜனவரி 30ஆம் தேதி இரவுத் தபால் விமானம் என்று ஒன்று இந்நாட்டில் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் தபால் மூட்டையோடு கிளம்பும். நடுநிசியில் நாலும் நாக்பூரில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். எழுபதுகளின் தொடக்கம்வரை நடந்தது. ஆம்பூரிலிருந்து டெல்லிக்குப் போன வியாபாரக் கடிதம் எத்தனையோ அந்த நாக்பூர் நடுநிசியைப் பார்த்திருக்கும். இதைப் படித்துவிட்டு மேல்விஷாரத்து நண்பரிடம் சொன்னேன். பட்டைத் தோல் விஷயத்தில் என்னை மன்னிக்காதவர் இதற்கு உடனே ஒப்புக்கொண்டார். ஓய்வுபெற்ற நாலு பேர் சேர்ந்தோம். சனிக்கிழமை ராத்திரி, இணையத்தில், நாலு டகோட்டா. டெல்லியிலிருந்து நான் கிளம்புகிறேன். பம்பாய் விமானத்தை ஓட்டுகிறவர் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறார், அவருக்கு அது பட்டப்பகல். பேத்தியைப் பள்ளியின் நடன வகுப்பில் விட்டுவிட்டு வந்து ஏறுகிறார். கல்கத்தா மேல்விஷாரத்தார் பொறுப்பு. மெட்ராஸ் தபால் பேரணாம்பட்டு நண்பருடையது. ஒருவருக்காக மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; எஞ்சினை அணைக்கக் கூடாது என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

போன சனிக்கிழமை நாங்கள் மூவரும் நாக்பூரில் இறங்கி வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கிறோம், மெட்ராஸைக் காணோம். செல்போனில் கூப்பிட்டால் பேரணாம்பட்டில் கரண்ட் போய்விட்டதாம், கடப்பைக்கு மேலே இருந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்கிறார். இன்வெர்ட்டர் போடச் சொல்லிப் போன மாதமே சொன்னோம். மருமகள் ஃப்ரிட்ஜுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டாள். நியூஜெர்சிக்காரருக்கு நடன வகுப்பு முடியும் நேரம் நெருங்குகிறது. கல்கத்தா எஞ்சின் சூடேறுகிறது என்று மேல்விஷாரத்தார் கத்துகிறார். மெட்ராஸ் மூட்டை இல்லாமல் டெல்லிக்குத் திரும்புவதா, விடியும்வரை நிற்பதா என்று நாங்கள் மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், கதவருகே வந்து நின்ற மனைவி அந்த நேரத்திலும் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டாள்: "அந்த மூட்டையில அப்படி என்னதான் இருக்குது?"